'இளைஞர்' என்ற பெயர் யாருக்கு?

2017 ஜனவரி 17 அன்று ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடத் தொடங்கியவர்களைத் தொலைக்காட்சிகள் 'மாணவர்கள்' என்றும் 'இளைஞர்கள்' என்றும் வாய் நிறைய அழைத்தன. கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், குப்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். 23ஆம் தேதி காலை காவல்துறை கடற்கரையைக் காலி செய்யத் தொடங்கியதும் 'சமூக விரோதிகள்' என்ற சொல் திரையில் ஓடியது. அன்று பக்கத்திலுள்ள நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. இருந்த இடம் மாறாத பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும் மாறியது.

இந்தப் பெயர்மாற்றத்தை ஆராய இளைஞர் பண்பாட்டு ஆய்வு என்று ஒரு துறையே இருக்கிறது. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரை ஊரில் 'மாட்', 'ராக்கர்' என்ற இரு வகை இளைஞர்களிடையே கைகலப்பு நடந்தது. பத்திரிகைகள் அதைப் பெருங்கலவரமாக்கின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதுதான்: சேதத்தை ஊதிப் பெருக்கியது ஒரு பக்கம், அதுவரை தெளிவற்றுக் கிடந்த இரு கூட்டங்களுக்கும் 'நீ இன்னார், உன் எதிரி இன்னார்' என்று அடையாளம் கொடுத்ததும் அதே செய்திகள்தான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பண்பாட்டு ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். உடை, இசை, முடிவெட்டு வழியே உழைக்கும் வர்க்கப் பிள்ளைகள் எதிர்ப்பைச் சொல்கிறார்கள் என்றார்கள். 1976இல் அந்தக் குழுவுக்குள்ளிருந்தே ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் கேட்டார்கள்: இதில் பெண்கள் எங்கே? அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழ்நாட்டு இளைஞர்களைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது கான்ஸ்டன்டைன் நகாசிஸ் என்ற மானிடவியலாளர் 2016இல் வெளியிட்ட நூல். சென்னை, மதுரைக் கல்லூரி மாணவர்களுடன் பழகி, 'ஸ்டைல்' என்ற ஒரே சொல்லை அவர் பின்தொடர்கிறார். சட்டையில் வெளிநாட்டு பிராண்டு பெயர் இருக்கும், எழுத்துகூடத் தப்பாக இருக்கும். அசலா போலியா என்று மாணவர்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பார்க்க எடுப்பாக இருந்தால் போதும். ஆனால் அளவு மீறினால் 'சீன் போடுறான்' என்று நண்பர்களே இறக்கிவிடுவார்கள். ஆங்கிலமும் அப்படித்தான்; நாலு சொல் கலந்தால் கெத்து, நாற்பது சொல் கலந்தால் 'பீட்டர் விடுறான்'. சினிமா நாயகனின் கையசைவை லேசாகத் தொட்டுக் காட்டலாம், அவனாகவே மாறப் பார்த்தால் கேலிதான். தனித்துத் தெரியவும் வேண்டும், கூட்டத்தைவிட்டு விலகவும் கூடாது. அந்தக் கயிற்றின் மேல் நடப்பதே நம் கல்லூரி வாழ்க்கை. துணி தைப்பவரும் இசை சேனல் தொகுப்பாளரும் இயக்குநரும் இதே பிள்ளைகளைப் பார்த்தே தங்கள் சரக்கைச் செய்கிறார்கள் என்பதையும் நகாசிஸ் காட்டுகிறார். 'சினிமா பசங்களைக் கெடுக்குது' என்ற பழைய புலம்பல் இதற்குமுன் நிற்காது.

ஆனால் எல்லாப் பிம்பமும் இப்படி விளையாட்டாக முடிவதில்லை. மதுரையைக் களமாக்கிய படங்களை ஆராய்ந்த கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ காரிஞ்சும் 2017இல் எழுதிய கட்டுரை, யதார்த்தம் என்ற பெயரில் ஒரு சாதியின் வீரம் எப்படி ஊரின் அடையாளமாகவே ஆக்கப்படுகிறது என்று கேட்கிறது. 'தேவர் மகன்' (1992) பாடல் சாதி விழாக்களில் ஒலிபெருக்கியில் ஒலிப்பது தென்மாவட்டத்தார் அறிந்ததே. அங்கே 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் எல்லா இளைஞரும் இல்லை. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இரண்டும் வெளியே நிறுத்தப்பட்டவனை நடுவில் கொண்டுவந்தன. ஆய்வு இதில் சினிமாவுக்கு முந்தியது. எஸ். ஆனந்தி, ஜெ. ஜெயரஞ்சன், ராஜன் குறை மூவரும் 2002லேயே, ஒரு சிற்றூரின் தலித் இளைஞர்களிடம் எழுந்த புதிய ஆண்மையை வேலையோடும் சாதியோடும் சேர்த்து வைத்துப் படித்துவிட்டார்கள்.

இப்போது மெக்ராபியின் கேள்வி. ஸ்டைல் ஆனாலும் மதுரைப் படங்களின் அரிவாள் ஆனாலும் கெத்து ஆனாலும், இந்த ஆய்வுகளின் மையத்தில் நிற்பவன் பையன்தான். தெருமுனையிலும் டீக்கடையிலும் பேருந்துப் படிக்கட்டிலும் ஆய்வாளர் கண்ணில் படுபவன் அவன். அந்த இடங்களில் நிற்க முடியாதவளின் அடையாளம் வேறெங்கோ உருவாகிறது. விடுதி அறையில், கைப்பேசியில், சீரியல் ஓடும் கூடத்தில். சினிமா அவளுக்குக் கொடுத்ததெல்லாம் துரத்தப்படும் காதலி வேடம். ஆய்வும் அவளைப் பெரும்பாலும் அந்தக் காதல் கதையின் ஓரத்திலேயே விட்டுவைத்தது. இதை நான் சிறு குறையாகச் சொல்லவில்லை. பாதி இளைஞர்களை விட்டுவிட்டு எழுதப்பட்டதற்கு 'இளைஞர் பண்பாடு' என்ற பெயர் பொருந்தாது.

இந்தத் துறைக்குள் வரப்போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மெரினாவைப் பற்றி எழுதுவதானால் நடுக்குப்பத்திலிருந்து தொடங்குங்கள். எரிந்த சந்தையில் மீன் விற்ற பெண்களின் மகள்களிடம், அந்த ஆறு நாளும் ஏழாம் நாளும் தொலைக்காட்சி தங்களை என்ன பெயரிட்டு அழைத்தது என்று கேளுங்கள்.