சந்தேகம் காட்டாத திரை

2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்கள் போலி ஜி.பி.எஸ். சிக்னல்களில் சிக்கின. விமானிகள் மாற்று நடைமுறைகளைக் கையாண்டார்கள், தரைக் கருவிகளைக் கொண்டு இயங்கும் மற்ற ஓடுபாதைகளுக்குப் பாதிப்பில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. விபத்து எதுவும் நடக்கவில்லையே என்று இதையே விமானி அறையின் ஜி.பி.எஸ். வரைபடத் திரைக்கு நற்சான்றாகக் காட்டுகிறார்கள். அன்று கைகொடுத்தவை பழைய தரைக் கருவிகள். நற்சான்று அவற்றுக்கே உரியது.

திரையால் கிடைத்த நன்மையை மறுக்கவில்லை. 1983-இல் வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் 007 சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். இப்படியொரு திரை இருந்திருந்தால் அந்த விலகல் கண்ணில் பட்டிருக்கும். 2022-இல் கிஷன்கரில் ஜி.பி.எஸ். துல்லியத்தைக் கூட்டும் நம் ககன் அமைப்பின் துணையோடு ஏ.டி.ஆர். விமானம் இறங்கியதும் சாதனைதான்.

ஆனால் நான் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை அப்படியே இருக்கிறது. இந்தத் திரை தன் சந்தேகத்தைக் காட்டுவதில்லை. தரை நிலையத்தின் வானொலி அலையால் திசை காட்டும் வி.ஓ.ஆர். முள்ளை நம்பிப் பறந்த விமானி அலைவரிசையை வைத்து, நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்டு, இரண்டு திசைகளை ஒப்பிட்டுத் தன் இடத்தைத் தானே கணித்தார். கணிப்பு எங்கே ஆட்டம் காண்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். வரைபடத் திரையோ முடிந்த விடையை மட்டும் நீட்டுகிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது; தரையிலுள்ள சிறு கருவியே அதை அமுக்கிவிட்டுப் போலிச் சிக்னலைத் தர முடியும். அப்படிக் கணித்த இடம் பெயர்ந்த பிறகும் திரையில் விமானச் சின்னம் அதே கூர்மையோடு நிற்கக்கூடும். பிழையளவைச் சொல்லும் எண் இருக்கிறதே என்பார்கள். திறமையான போலிச் சிக்னல் அந்த எண்ணையும் ஏமாற்றும்.

1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரை இரவில் நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-இல் ஜி.பி.எஸ். இல்லை, ஆனால் வரைபடத் திரை இருந்தது. அருகிலிருந்த ரோசோ வழிகாட்டி நிலையத்துக்குப் போக 'ஆர்' என்று ஒற்றை எழுத்தைத் தட்டினார்கள். கணினி தேர்ந்துகொண்டதோ பொகோட்டாவுக்கு அருகிலிருந்த ரோமியோ நிலையத்தை. விமானம் கிழக்கே மலைகளை நோக்கித் திரும்பியது. விமானிகள் உணர்ந்து மீண்டும் திரும்புவதற்குள் காலம் கடந்துவிட்டது. 159 பேர் இறந்தார்கள். திரையில் பாதைக் கோடு அழகாக, ஐயத்துக்கு இடமின்றி வளைந்திருந்தது. கோடு போட்டவுடன் பின்தொடரும் பழக்கத்தைத்தான் அந்தத் திரை இரண்டு விமானிகளுக்கும் ஊட்டியிருந்தது என்பேன்.

அந்த விபத்துக்குப் பிறகு பரவலான மேம்பட்ட நில எச்சரிக்கைக் கருவியும் இன்று அதே ஜி.பி.எஸ். காட்டும் இடத்தைத்தான் நம்புகிறது. போலிச் சிக்னல் பகுதிகளில், மலையே இல்லாத இடத்தில் 'மேலே ஏறு' என்று அது அலறுகிறது. பொய்யாகக் கத்தும் எச்சரிக்கையை அலட்சியப்படுத்த விமானிகள் பழகிவிட்டால், உண்மையான மலை எதிரே வரும் நாளில் என்ன செய்வார்கள்?

இந்த நிலையில்தான் அமெரிக்கா தன் வி.ஓ.ஆர். நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூடத் திட்டமிட்டது. செலவுக் கணக்கு புரிகிறது. ஆனால் ஒரு நிலையத்தை மூடும் கோப்பில் கையெழுத்திடுபவர், அந்த வழியில் திரை பொய் சொன்னால் விமானி எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பார் என்பதையும் அதே கோப்பில் எழுதட்டும்.