பருத்திக் குண்டிகை

ஆசிரியர் எவர், ஆசிரியர் ஆகமாட்டாதவர் எவர் என்று பிரித்துக் காட்ட, நம் மொழியில் ஓர் இலக்கண நூலே முற்பட்டது. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல்தான் அது. எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுந்த அந்நூல், அவற்றைத் தொடுமுன்பே, பாயிரத்திலேயே, ஆசிரியரை நிறுத்தி எடைபோடுகிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கையும் நல்லாசிரியர்க்கு ஒப்பாகக் காட்டுகிறது. ஆசிரியர் ஆகமாட்டாதவர்க்கும் நான்கு உவமைகளைத் தேடி வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை. குண்டிகை என்பது குறுகிய வாயுடைய கலம். அதனுள்ளே பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணித்துத்தான் அடைக்க முடியும். எடுக்கும்போதும் பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க முடியும். அரும்பாடுபட்டு அடைத்துக்கொண்டு, அதே அரும்பாட்டோடு வெளியே விடுகிறவர் ஆசிரியர் அல்லர் என்பது அந்நூலின் தீர்ப்பு.

தீர்ப்பு பழையது; ஆனால் பழுதற்றது. இன்று நாம் ஆசிரியரை எவ்வாறு ஆக்குகிறோம், எவ்வாறு அளக்கிறோம் என்பதைச் சற்றே உற்று நோக்கினால், எந்தக் கலத்தைப் பவணந்தியார் ஒதுக்கி வைத்தாரோ அந்தக் கலத்தையே தேடிப் பிடித்துப் பரிசளிக்கிறோமோ என்ற ஐயம் எழுகிறது.

கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று பட்டம் பெற்ற இளைஞனோ நங்கையோ, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக விழைந்தால், கடக்க வேண்டிய வாயில்கள் ஒன்றல்ல. முதல் வாயில் பி.எட். பட்டம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகளால், ஓராண்டாக இருந்த அப்படிப்பு 2015 முதல் ஈராண்டாக நீண்டது. இரண்டாவது வாயில் தகுதித் தேர்வு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2010 ஆகஸ்டு 23 அன்று வெளிவந்த அறிவிக்கை அதனைக் கட்டாயமாக்கிற்று. இந்த இரண்டையும் கடந்தவர் இளைப்பாற எண்ணுகையில், 2018ஆம் ஆண்டின் அரசாணை 149 மூன்றாவது வாயிலைக் காட்டிற்று; அது போட்டித் தேர்வு. வாயில் பல இருப்பது குற்றமன்று. பிள்ளைகளை ஒப்படைக்கும் இடம், காவல் வேண்டியதுதான். ஆனால் காவலர் எதைச் சோதிக்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

இந்த வாயில்களைச் சுற்றி ஓர் இலக்கியமே எழுந்திருக்கிறது. தடித்த அட்டை, தாழ்ந்த தாள், ஆயிரக்கணக்கில் வினாக்கள், பக்கத்தின் அடியிலே விடைகள். கையேடு என்பது அதன் பெயர். இலக்கியம் பேசும் ஏட்டில் கையேட்டுக்கு இடமுண்டோ என்று சிலர் முகம் சுளிக்கலாம். காப்பியத்தைப் படிப்போர் சிலர். கையேட்டைப் படிப்போர் பலர். நாளை நம் பிள்ளைகளின் முன் நிற்கப் போகிறவர்கள் இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் நூலைத் திறனாய்வு தொடாதென்றால், அந்தத் திறனாய்வு யாருக்காக?

தொட்டுப் பார்ப்போம்.

கையேட்டின் முதற் பகுதி பெரும்பாலும் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியது. தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 அதற்கு உரியவை. அங்கே நாம் முதலில் சந்திப்பவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் புளூம். 1956இல் அவரும் அவர் குழுவினரும் கல்வி நோக்கங்களை ஓர் ஏணியாக அடுக்கினார்கள். கீழ்ப்படி அறிதல், அதன்மேல் புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடல். நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லுவது கீழ்ப்படி மட்டுமே, அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்று ஆசிரியர்க்கு நினைவூட்ட எழுந்தது அந்த ஏணி. கையேடு என்ன செய்கிறது? ஏணியின் மூன்றாம் படி எது என்று கேட்கிறது! படிகளின் பெயரை ஒப்பிக்கச் செய்து, ஒப்பிப்பவரைக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவைக்கிறது. ஏணியைச் சுமப்பவர் ஏறியவர் ஆவாரோ?

அடுத்து வருபவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. 1896இல் பிறந்து 1980இல் மறைந்த அப்பேரறிஞர், தம் மூன்று குழந்தைகளையும் தொட்டிலிலிருந்தே கூர்ந்து நோக்கியவர். குட்டையான குவளையில் உள்ள நீரை நெட்டையான குவளையில் ஊற்றிக் காட்டினால், நீர் கூடிவிட்டது என்று சிறு குழந்தை சொல்லும். அதை அறியாமை என்று தள்ளாமல், குழந்தையின் சிந்தனைக்கென்று தனி ஒழுங்கு உண்டு என்று கண்டவர் அவர். அவருடைய உழைப்பெல்லாம் கையேட்டில் நான்கு வரி அட்டவணையாகச் சுருங்கிக் கிடக்கிறது: இரண்டு வயது வரை ஒன்று, ஏழு வரை ஒன்று, பதினொன்று வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. வயதைச் சொன்னால் பருவத்தைச் சொல்ல வேண்டும். பருவத்தைச் சொன்னால் வயதைச் சொல்ல வேண்டும். இரண்டு குவளையும் ஒரு செம்பு நீரும் இல்லாத வீடு நம் நாட்டில் ஏது? ஆயினும் ஊற்றிப் பார்க்கச் சொல்வார் இல்லை. குழந்தையின் வாய்மொழியைக் கேட்டறிந்த உண்மையை, குழந்தையே இல்லாத அறையில் வட்டமிட்டுக் கறுப்பாக்கச் சொல்லுகிறார்கள்.

மூன்றாமவர் உருசிய நாட்டு வைகாட்ஸ்கி. அவரும் 1896இல் பிறந்தவரே. 1934இல், நாற்பது வயது எட்டுமுன்பே மறைந்தவர். ஒரு குழந்தை தனியே என்ன செய்கிறது என்பதை மட்டும் அளந்தால் முடிந்துபோன வளர்ச்சியைத்தான் அளக்கிறோம். வல்லார் ஒருவர் துணைநிற்கையில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அளந்தால்தான் வரப்போகும் வளர்ச்சி தெரியும் என்றார் அவர். தனியே அமர்த்தி, முடிந்ததை மட்டும் அளக்கும் தேர்வின் போதாமையைக் காட்டியவருடைய பெயர், இன்று எங்கே அச்சாகிறது? தனியே அமர்த்தி, முடிந்ததை மட்டும் அளக்கும் வினாத்தாளில்! நகைப்பதா, நாணுவதா?

கையேட்டை விடுங்கள், ஈராண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறதே என்பர். இருக்கிறது. அதன் விதிகளில் நல்லதொரு பகுதியும் இருக்கிறது. உச்சநீதிமன்றம் அமைத்த, நீதியரசர் ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. அதன் பின்னர் எழுந்த விதிகள், களப்பணிக்கும் பள்ளிப் பயிற்சிக்கும் 20 வாரங்களை ஒதுக்கின. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. ஏட்டிலே பார்த்தால் இனிக்கிறது. ஆனால் அந்த வாரங்களைப் பல இடங்களில் விழுங்குவது எது என்று பயின்றவர்கள் அறிவார்கள். ரெக்கார்டு என்று எல்லோரும் அழைக்கும் பதிவேடு!

பாடத் திட்டத்துக்கு ஒன்று, நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஒன்று, துணைக்கருவிக்கு ஒன்று, உளவியல் சோதனைக்கு ஒன்று என அடுக்கடுக்காய் ஏடுகள். வண்ணத்தில் தலைப்பு, அளவுகோலால் ஓரக்கோடு, பளபளக்கும் மேலுறை. முந்தைய ஆண்டு மாணவர் எழுதியதைப் பார்த்து இந்த ஆண்டு மாணவர் எழுத, அதைப் பார்த்து அடுத்த ஆண்டு மாணவர் எழுத, வழிவழி வரும் சொத்தாகிவிட்டது பாடத் திட்டம். கூலி பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுப்போரும் உண்டு. நாம் பயின்ற காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் கண்ட ஒரு வாசகம்: "மாணவர்கள் ஆர்வத்துடன் விடையளித்தனர்." வகுப்பு நடப்பதற்கு முன்னிரவே எழுதப்பட்ட வாசகம் அது! எந்த மாணவர், எந்த விடை, விடையளிக்காதவர் எவர் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்தப் படிமுறைக்கும் ஒரு வரலாறு உண்டு. செருமானிய மெய்யியலார் எர்பார்ட், 1776இல் பிறந்து 1841இல் மறைந்தவர். கற்போரின் உள்ளத்தில் ஏற்கெனவே உள்ள கருத்துகளோடு புதுக்கருத்தை இணைக்க வேண்டும் என்றார் அவர். உயிருள்ள கருத்து! அவர் மறைந்தபின், சில்லரும் ரைனும் அதனை ஐந்து படிகளாக்கி ஒழுங்கு செய்தனர். ஆசான் தேடிச் சென்றது மாணவன் உள்ளத்தை; மரபினர் காத்து வைத்தது படிகளின் வரிசையை. நம் பதிவேடுகளில் கட்டம் கட்டி நிற்பது அந்த வரிசையின் வழித்தோன்றல்தான். நெல் போயிற்று, உமி நின்றது.

அப்படியானால் தேர்வே வேண்டாம் என்போமா? என்னோம்! விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. சிபாரிசுக் கடிதம் தெரியாது. எந்த வீட்டுப் பிள்ளை, எவருக்கு உறவு என்பது தெரியாது. தந்தை கையெழுத்துப் போடத் தெரியாதவர், மகள் பட்டதாரி என்ற நிலை நம் ஊர்களில் இன்றும் உண்டு. அந்த மகளுக்குத் தேர்வு ஒரு நேர்மையான கதவு. அதனை இடித்துவிட்டால், பின்வாசல் வைத்திருப்பவர்களே உள்ளே புகுவர். பாடப் பொருளில் தெளிவு இருக்கிறதா என்று தாளிலே கேட்பதும் தக்கதே. வரலாறு கற்பிக்க வருகிறவர்க்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டாமா? தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 60 மதிப்பெண் பாடப் பொருளுக்கென்று இருப்பதை நாம் குறைகூறவில்லை.

நாம் சொல்வது இதுதான்: பொருள் தெரியுமா என்பதைத் தாள் அளக்கும், கற்பிக்கத் தெரியுமா என்பதை வகுப்புதான் அளக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்ததில் விளைந்த விந்தைகளை நாடு கண்டது. 2012 சூலை 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த முதல் தகுதித் தேர்வில், 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் தந்தார்கள். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்தபோது நேரத்தை மூன்று மணியாக்கினர். தேறியோர் தொகை உயர்ந்தது. சூலைக்கும் அக்டோபருக்கும் இடையே நாட்டின் கற்பிக்கும் திறன் வளர்ந்ததா, கடிகாரம் வளர்ந்ததா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பணியில் உள்ளவர்களையும் இவ்வாயிலுக்கு அழைத்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சட்டத்தின் சொல்லை நீதிமன்றம் எடுத்துரைத்தது. அதனை நாம் இங்கே வாதிடப் போவதில்லை. ஆனால் இருபது ஆண்டு கற்பித்த ஒருவர் நல்லாசிரியரா என்று அறிய, அவர் வகுப்பு நாள்தோறும் திறந்தே கிடக்கிறது. அங்கே எட்டிப் பார்க்காமல், அவரை மீண்டும் அட்டவணையை உருப்போடச் சொல்லும் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனால் இழப்பு யாருக்கு? பட்டதாரிக்கு ஓரளவு. குழந்தைக்கே பெரும்பகுதி. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். முன்வரிசைப் பிள்ளை படிப்பதைக் காதால் வாங்கி, அதையே புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோலச் சொல்லிவிடுவான். வேறு பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் வாய் மூடிக்கொள்ளும். இத்தகைய பிள்ளைகளை நம்மைப் போன்ற இளம் ஆசிரியர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே காண்கிறோம். எந்த எழுத்தில் அவன் தடுக்கினான், ஐந்தாண்டு எவ்வாறு மறைத்தான், வெட்கப்படாமல் அவனை எங்கிருந்து தொடங்கச் செய்வது? 150 வினாவில் எந்த வினா இதற்கு நம்மை ஆயத்தம் செய்தது? பளபளக்கும் பதிவேட்டில் எந்தப் பக்கம் இதற்கு வழிகாட்டியது? அந்தச் சிறுவன் முன் நிற்கையில்தான், அடைத்து வைத்த பஞ்சு எவ்வளவு, அதில் நூற்கத்தக்கது எவ்வளவு என்பது விளங்குகிறது.

வழி இல்லாமல் இல்லை. ஜான் டூயி 1896இல் சிக்காகோ பல்கலைக்கழகத்திலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆய்வுக்கூடம் இல்லாத அறிவியல் எப்படியோ, பள்ளி இல்லாத கல்வியியல் அப்படி என்பது அதன் பொருள். பின்லாந்தில் பல்கலைக்கழகங்களே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. தொலைவில் போவானேன்? 1856இல் வேர்விட்ட சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் தன்னருகே மாதிரிப் பள்ளியைக் கொண்டதே.

எனவே கேட்கிறோம். 20 வாரத்தை 20 வாரமாகவே தருக. ஒரே வகுப்போடு, அதே பிள்ளைகளோடு, அனுபவம் மிக்க ஓர் ஆசிரியரின் அருகிலே தருக. ஏடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே ஒரு குழந்தையை 16 வாரம் உற்றுநோக்கி எழுதும் ஓர் ஏட்டைக் கேளுங்கள். பாடத் திட்டத்துக்குப் பாதி மதிப்பெண் போதும். திட்டம் எங்கே தவறியது, மறுநாள் எவ்வாறு திருத்தப்பட்டது என்று எழுதுவதற்கு மறுபாதியைக் கொடுங்கள். செய்முறைத் தேர்வு நாளில் பதிவேட்டு அடுக்கின் உயரத்தைக் காணும் கண்கள், எதிரே இருக்கும் நாற்பது முகங்களையும் காணட்டும். பணியில் உள்ளவரைச் சோதிக்க விரும்பினால், அவர் வகுப்பின் கடைசி இருக்கையில் ஒரு நாள் அமருங்கள்.

செலவாகும் என்பர். ஆகும். குழந்தை படிக்காமல் போனால் ஆகும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவர்களும் சொல்லட்டும்.

பவணந்தியார் நல்லாசிரியர்க்குக் காட்டிய உவமைகளில் முதலாவது நிலம். விதைத்ததை அப்படியே திருப்பித் தருவதன்று நிலம், பன்மடங்காக்கித் தருவது. குண்டிகைகளை எண்ணிக் கொண்டிருப்போர், இனியேனும் நிலத்தைப் பண்படுத்த முன்வரட்டும்!