லில் முற்றுகைப் படம்

1708-இல் தளபதிகள் மார்ல்பரோவும் இளவரசர் யூஜினும் முற்றுகையிட்ட பிரான்ஸின் லில் நகரம், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய வரைபடமாக. முதலில் கண்ணில் படுவது பொறியாளர் வோபான் கட்டிய ஐந்து முனைக் கோட்டை. நகரம் அக்டோபரில் பணிந்தது. கோட்டை டிசம்பர் வரை தாங்கியது. மதிலை நோக்கி வளைந்து வளைந்து போகும் கோடுகள் பதுங்குகுழிகள். நேராக வெட்டினால் மதில்மேலிருந்து வரும் குண்டு குழி நெடுகப் பாய்ந்துவிடும்.

ஊர்ப்பெயர்களையெல்லாம் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை! காகித ஓரத்தில் விரலை ஓட்டினால் தகடு அழுந்திய பள்ளம் தட்டுப்படும்; எனக்குப் பிடித்தது அதுதான். ஆயிரக்கணக்கானோர் மாண்ட இடம். படத்தில் ஒரு பிணம்கூட இல்லை. மரங்களுக்கு மட்டும் பொறுமையாக நிழல் போட்டிருக்கிறார் செதுக்கியவர்.