காட்டுவதும் காணவிடுவதும்

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அந்த ஆண்டே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கிருந்த அலமாரி ஒன்றில் உடைந்த சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கண்ணில் பட்டன. மத்தியதரைக்கடல் நாடுகளில் மதுவையும் எண்ணெயையும் நிரப்பி அனுப்பிய ஆம்போரா சாடியின் துண்டு அது என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிப் பக்கம் என்றார்கள். 1945-இல் அவர் அரிக்கமேட்டில் அகழாய்வு தொடங்கியது இப்படித்தான்.

அதே வீலர் 1950களில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த தொலைக்காட்சி முகமானார். 1952 முதல் 1959 வரை பிபிசி ஒளிபரப்பிய 'அனிமல், வெஜிடபிள், மினரல்?' நிகழ்ச்சியில், ஏதேனும் ஓர் அருங்காட்சியகம் தன் பொருள்களை அனுப்பிவைக்கும். மூன்று அறிஞர்கள் அவற்றைக் கையில் எடுத்து, புரட்டி, எடைபார்த்து, இன்னதென்று சொல்ல வேண்டும். இதற்கு முன்மாதிரி அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் நடத்திய 'வாட் இன் தி வேர்ல்ட்?'. அதில் விடை பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடும். அறிஞர்களுக்கு மட்டும் தெரியாது. அப்படியிருந்தும் மக்கள் ஆவலோடு பார்த்தார்கள். விடையைவிட, அதை நோக்கி ஒரு மனம் நடந்துபோகும் வழி அவர்களைக் கட்டிப்போட்டது.

இவை பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. ஆனாலும் தொலைக்காட்சி வழியாக மாணவர்களுக்கு அருங்காட்சியகப் பாடம் நடத்த விரும்புகிறவர்கள் இவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நம் திரையில் வழக்கமாக வரும் அருங்காட்சியகப் பாடம் இதற்கு நேர் எதிரானது. ஒருவர் ஒலிவாங்கியுடன் கூடம் கூடமாக நடக்கிறார். பின்னணியில் வீணை. சிலையின் பெயர், காலம், கிடைத்த ஊர், அடுத்த சிலை. பாடநூலில் இருக்கும் வரிகளே படத்தோடு திரும்ப வருகின்றன. மாணவர் பார்க்கிறார் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். உண்மையில் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

தொலைக்காட்சிப் பாடத்தையே ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதன் முதல் பலம் எட்டும் தூரம். தமிழ்நாடு அரசின் கல்வி தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையம் இல்லாத வீடுகளுக்கும் பாடம் போய்ச்சேர அது உதவியது. எழும்பூருக்கு ஒருநாள் சுற்றுலாவாகக்கூட வர முடியாத பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குத் திரையில் கிடைப்பதே முதல் அருங்காட்சியகம்.

இரண்டாவது பலம் நெருக்கம். இது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. கீழடிப் பானை ஓட்டில் கீறப்பட்ட 'ஆதன்' போன்ற தமிழி எழுத்துகளைக் கண்ணாடிக்கு வெளியே, நாற்பது பேர் முண்டியடிக்கும் வரிசையில் நின்று வாசிப்பது கடினம். கேமராவுக்கு அந்தக் கீறலின் ஆழம்கூடத் தெரியும். சோழர் செப்புத் திருமேனிகள் பலவற்றின் தலைக்குப் பின்னால் சிரசக்கரம் இருக்கும்; சுவரை ஒட்டி வைத்த பேழையில் அதைப் பார்க்க வழியில்லை. கேமரா பின்னால் போய்வரும்.

மூன்றாவதாக, எந்தக் கூடத்தாலும் செய்ய முடியாத ஒன்றைத் திரை செய்யும். ஆந்திராவின் அமராவதிப் பௌத்தத் தூபியில் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்த சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. அவற்றில் பெரும்பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறியது. இன்று ஒரே தூபியின் கற்கள் எழும்பூரிலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே அமராவதியின் வெற்றுமேட்டையும் காட்டத் தொலைக்காட்சியால் முடியும். இவை ஏன் இங்கே இல்லை, யார் எடுத்துப்போனார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்காமல் இருக்காது. அந்தக் கேள்விக்கு இடம் தராத பாடம் அருங்காட்சியகத்தைப் பற்றிய பாதி உண்மையை மறைக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். அதே அமராவதிக் கற்களில் எழும்பூரில் இருக்கும் வட்டச் சிற்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புத்தரைக் கொல்ல ராஜகிருக வீதியில் மதயானையை அவிழ்த்துவிட்ட கதை அது. ஒரு பக்கம் யானை மனிதர்களை மிதித்தும் துதிக்கையால் தூக்கியும் அழிக்கிறது. மறுபக்கம் ஒரு யானை புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மேலே சாளரங்களில் ஆட்கள் எட்டிப்பார்க்கிறார்கள். முதல் பார்வையில் இரண்டு யானைகள். இரண்டும் ஒரே யானைதான், சிற்பி காலத்தை இடமிருந்து வலமாக ஓடவிட்டிருக்கிறார் என்று ஒரு சிறுமி தானே கண்டுபிடிக்கும் கணத்துக்காகத்தான் அந்தக் கல்லின் முன் அவளை நிறுத்துகிறோம். வர்ணனையாளர் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிட்டால் அவளுக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. அதைவிட மோசம், கேமரா உடனே யானையின் முகத்துக்கு ஓடி, வட்டத்தின் மற்ற பாதியை வெட்டிவிடுவது. கூடத்தில் கண் போகுமிடத்தைப் பார்ப்பவர் தீர்மானிக்கிறார். திரையில் அதை ஒளிப்பதிவாளர் தீர்மானிக்கிறார். இந்த ஊடகத்தின் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

அளவு தெரியாமல் போவதும் பெரிய குறைதான், ஆனால் எளிதில் தீரக்கூடியது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த வகைக் கைக்கோடரியும் ஆளுயரக் கற்சிலையும் திரையில் ஒரே அளவில் நிற்கும். பக்கத்தில் ஒரு கை தெரிந்தால் போதும். கனத்தையும் கல்லின் குளிர்ச்சியையும் எந்தக் கேமராவும் தராது. அதை ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

எதிர்க்கேள்வி கேட்க முடியாத ஒருவழிப் பேச்சு என்ற பழைய குற்றச்சாட்டு இன்று பாதிதான் பொருந்தும். ஒளிபரப்பாகும் பாடம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதே பாடம் யூடியூபில் கிடைக்கும்போது, வகுப்பறைத் திரையில் ஆசிரியர் அதை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று பாடம் எடுத்தவர்கள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். யானைச் சிற்பம் முழுமையாகத் தெரியும் காட்சியை அரை நிமிடம் பேச்சும் இசையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். அரை நிமிட மௌனத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைப்பார்கள். இந்த இடத்தில் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

பாடத்தை நடத்துபவர் யார் என்பதும் முக்கியம். எழுதிக்கொடுத்ததை வாசிக்கும் தொகுப்பாளரைவிட, பொருளோடு பழகிய காப்பாட்சியர் திரையில் வர வேண்டும். "இந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஏனென்று யோசிக்கிறேன்" என்று அவர் சொல்லும்போது மாணவரும் யோசிக்கத் தொடங்குகிறார். அவர் ஓரிடத்தில் தயங்கினால் அதையும் வெட்டாமல் விடலாம். ஆம்போராத் துண்டைக் கண்ட வீலரும் உடனே அகழாய்வுக்குக் கிளம்பிவிடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி என மாவட்டங்களில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எழும்பூரில் எடுத்த பாடம் ஒவ்வொன்றின் முடிவிலும், இதைப் போன்றதை உங்கள் பக்கத்து அருங்காட்சியகத்தில் எந்தக் கூடத்தில் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவில்லை. அந்த வரியைத் தயாரிக்க, மாவட்டக் காப்பாட்சியர்களைப் படப்பிடிப்புக்கு முன்பே கலந்து பேச வேண்டியிருக்கும்.