ஆற்றுப்படை நெறியும் கொல்லி நாடும்

ஒரு நாட்டிற்குப் புதியராய் வருவார்க்கு அந்நாட்டு மக்களின் உணவும் தொழிலும் ஒழுகலாறும் இவையென எடுத்துரைக்கும் கையேடுகள் இந்நாளில் பல்கியுள்ளன. பிரேசில் நாட்டைப் பற்றியதாயினும், சேலம், நாமக்கல் மாவட்டங்களைப் பற்றியதாயினும், அவற்றின் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றே: காணத்தக்க இடம், உண்ணத்தக்க பண்டம், வாங்கத்தக்க பொருள். இவற்றை இலக்கிய வகையுள் வைத்து எண்ணுவார் அரியர். ஆயின், விருந்தினர்க்கு வழியுரைக்கும் நூலைத் தனித் துறையாகவே கொண்டு இலக்கணம் கூறியது தமிழ். அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, கொல்லி நாட்டை இன்று எங்ஙனம் உரைத்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1. ஆற்றுப்படையின் இயல்பு

பரிசில் பெற்ற கலைஞர், தாம் பெற்ற வளத்தைப் பெறாதார்க்கு அறிவுறுத்தி, அவரும் சென்று பயன்கொள்ளுமாறு கூறுவது ஆற்றுப்படை எனத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வரையறுப்பர். இதனால் இரண்டு புலனாகும். கூறுவோன் தானும் அந்நாட்டில் விருந்தினனாக இருந்து உண்டவன். பொருள் விற்பவன் அல்லன். கேட்போன் வாழ்வு வேண்டிச் செல்பவன். பொழுதுபோக்கச் செல்பவன் அல்லன்.

பெற்றவன் புகழ்வது இயல்பே; அப்புகழை எங்ஙனம் நம்புவது என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் சுவைக் 1941-இல் பிரேசிலை ‘எதிர்காலத்தின் நாடு’ எனப் போற்றி ஒரு நூல் செய்தார். தம்மை உவந்தேற்ற நாட்டின்பால் அவர் கொண்ட நன்றி அதில் நிறைந்துள்ளது. ஆயின், 1937 முதல் 1945 வரை அந்நாட்டில் நிலவிய வர்காசின் கொடுங்கோன்மை அந்நூலில் உரிய இடம் பெறவில்லை. நன்றி கண்ணை மறைத்தற்கு இஃது ஒரு சான்று.

ஆற்றுப்படைப் புலவர் இக்குறையினின்று பெரிதும் நீங்கினர் என்பது நம் துணிபு. 583 அடிகளால் ஆகிய மலைபடுகடாம் நன்னனைப் புகழவே எழுந்தது. எனினும் அவன் மலைவழியின் இடர்களை அது மறைக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி உண்டு, ஆதலின் விடிந்தபின் செல்க என்கிறது. பாம்பு உறையும் குழிகளையும், வழுக்கும் பாறைகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லையும் முன்னரே உணர்த்துகிறது. பெரும்பாணாற்றுப்படையோ எயினர், ஆயர், உழவர் முதலிய ஒவ்வொரு குடியினரும் தத்தம் தொழிலால் பெற்ற உணவையே இடுதலை நிரல்படக் காட்டுகிறது. இடரைக் கூறலும் உழைப்பைக் காட்டலுமாகிய இவ்விரண்டுமே புகழ்ச்சியைப் பொய்யாகாமற் காக்கும் வேலிகள்.

2. ஓரியின் விருந்து

கொல்லித் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டு ஆற்றுப்படை அன்று. பரிசில் விடைத்துறையைச் சார்ந்தது. எனினும் விருந்தினர் ஒரு நாட்டைக் கண்டறியும் முறை அதில் தெளிவாக விளங்குகிறது. ஓரம்பால் பல விலங்கை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் காட்டிற் காண்கின்றனர். அவன் யாவனென அறியாமலே அவன்முன் பாடுகின்றனர். தன் புகழ் கேட்டு அவன் நாணுகிறான். பின்னர்த் தான் வேட்டையாடிய மானின் ஊனையும் மதுவையும் அளித்துத் தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் சுரத்திடையே வழங்குகிறான்.

இடுபவன் பெயரினும் இடப்பட்ட பொருள் இங்கு முந்துகிறது. அப்பொருளும் அவன் கையாலும் அவன் மலையாலும் ஆயது. எனவே, ‘நின் மலை இன்று எதனை ஈனுகின்றது?’ என்னும் வினாவே கொல்லியைப் பற்றி எழுதுவார் முதலில் வினவத்தக்கது.

3. இன்றைய கொல்லி

இன்று வெளிவரும் கையேடுகள் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஆகாயகங்கை அருவியையும், அறப்பளீசுவரர் கோயிலையும் கூறத் தவறுவதில்லை. கொல்லி அன்னாசியின் சுவையையும் வியக்கின்றன. ‘அன்னாசி’ என்னும் சொல்லே பிரேசிலின் பழங்குடி மொழியிற் பிறந்து, போர்த்துகீசியர் வாயிலாகத் தமிழ் புகுந்தது என்பதை அவை கூறுவதில்லை.

சமவெளியில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியும் அத்தகையதே. பிரேசில் பழங்குடியினர், நஞ்சுடைய அதன் வகைகளினின்று நஞ்சை நீக்கும் முறையறிந்து மாவாக்கி உண்டனர். போர்த்துகீசியர் அதனைப் பிற நிலங்களுக்குப் பரப்பினர். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் (1880–1885) அதனை ஊக்குவித்தார். இருபதாம் நூற்றாண்டில் சேலத்துச் சமவெளி அதனை ஜவ்வரிசியாக்கிப் பெருந்தொழிலாக வளர்த்தது. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பிரேசிலிலிருந்து ஒருவர் இங்கு வருவாராயின், தம் நாட்டுக் கிழங்கு வேற்றுருவில் தம்மை வரவேற்கக் காண்பர்.

விருந்தாக வந்த பயிர் வாழ்வளித்தது உண்மை. அதனொடு பிறிதோர் உண்மையும் உண்டு. ஆலைகளின் தேவை மலைமேல் ஏறியபோது, கொல்லிமலை மக்கள் வழிவழிப் பயிரிட்ட சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் நிலம் சுருங்கி மரவள்ளி பெருகியது. கூலமாயின் வீட்டில் உணவாகும். கிழங்காயின் ஆலைக்குச் சென்று பணமாகும். விலை வீழின் இரண்டும் இல்லை. மலைபடுகடாத்தில் மலைவாழ் குடியினர் வழிவந்தார்க்கு இட்டது தினைச்சோறு. அத்தினை அருகிவரும் மலையில், அருவியை மட்டும் காட்டும் கையேடு அங்கு வாழ்வாரைக் காட்டியதாகாது.

முடிவாக, இவ்வகை நூல்களை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும் என்பது நம் கருத்து. எழுதியவர் அங்குள்ளார் உணவை உண்டு எழுதினரா? வழியின் இடரையும் வாழ்வின் இடரையும் கூறினரா? உணவை விளைத்தவரை அவர்தம் தொழிலோடு காட்டினரா? இம்மூன்றற்கும் விடை தருமாறு சேலம், நாமக்கல் நிலத்தை உரைக்கும் ஓர் உரைநடை ஆற்றுப்படையைச் செய்தல், சங்க நூல் பயிலும் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.