எலெம் கிளிமோவ்: 'வந்து பார்' படமும் பின்வந்த மௌனமும்

எலெம் கிளிமோவ் (1933–2003) ரஷ்யத் திரைப்பட இயக்குநர். ஸ்டாலின்கிராடில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் அந்நகரம் எரிந்துகொண்டிருந்தபோது தாயுடனும் கைக்குழந்தையான தம்பியுடனும் வோல்கா ஆற்றைக் கடந்து தப்பினார். மாஸ்கோவின் அரசுத் திரைப்படக் கல்லூரியில் பயின்றார்.

திரைவாழ்க்கை

1964-இல் வெளிவந்த முதல் முழுநீளப் படம், கோடைமுகாமில் ஒழுங்கின் பெயரால் சிறுவர்களை அடக்கும் நிர்வாகியை எள்ளி நகையாடியது. ரஸ்புதினைப் பற்றிய 'மரண வேதனை' 1975-இல் முடிந்தும் சோவியத் திரையரங்குகளுக்கு 1985-இல்தான் வந்தது. இவரது மனைவியும் இயக்குநருமான லரிசா ஷெபித்கோ 1979-இல் கார் விபத்தில் இறந்தார். அவர் தொடங்கியிருந்த 'பிரியாவிடை' படத்தைக் கிளிமோவ் முடித்தார்.

மதிப்பீடு

'மரண வேதனை'யில் பழைய செய்திப்படத் துணுக்குகள் இடையிடையே வருகின்றன. ரஸ்புதினின் ஆவேசம் திரையை நிறைக்க, மக்கள் பெரும்பாலும் அத்துணுக்குகளில்தான் தென்படுகிறார்கள். அவர்கள் பட்ட துயரம் வெறும் தகவலாக நின்றுவிடுகிறது.

இக்குறை 'வந்து பார்' (1985) படத்தில் இல்லை. 1943-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பெலாரஸில் கதை நடக்கிறது. எழுத்தாளர் அலெஸ் அதமோவிச்சுடன் இணைந்து எழுதிய இத்திரைக்கதை அனுமதிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தது. மணலைத் தோண்டித் துப்பாக்கி எடுத்துச் சிரிக்கும் சிறுவன் ஃபிளியோரா, படம் முடிவதற்குள் கிழவனின் முகத்தைப் பெற்றுவிடுகிறான். குண்டுவீச்சில் அவன் காது அடைத்துப்போனதும் நமக்கும் இரைச்சலே கேட்கிறது. போரை அவனுக்கு வெளியே நின்று பார்க்க நமக்கு இடமில்லை.

செய்திப்படங்கள் இங்கே இறுதியில் மட்டுமே முழுவீச்சில் வருகின்றன. ஹிட்லரின் படத்தை ஃபிளியோரா சுடச்சுட வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. தாய்மடியில் குழந்தையாக ஹிட்லர் தோன்றும்போது அவன் சுடுவதை நிறுத்துகிறான். குழந்தைகளையும் கொன்றவர்களைப் போல அவன் ஆகிவிடவில்லை என்பதே படத்தின் அறம். பெலாரஸில் 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்ற செய்தி அதன் பிறகு வரும்போது, அது வெறும் எண்ணாக இருப்பதில்லை.

1986-இல் திரைக்கலைஞர் சங்கத்தின் தலைமைக்கு வந்த கிளிமோவ், முடக்கப்பட்டிருந்த பிறருடைய படங்கள் வெளிவர உழைத்தார். புல்காகோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலைப் படமாக்க விரும்பினார், அது நிறைவேறவில்லை. இறக்கும்வரை வேறு படம் எடுக்கவில்லை. தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டதாகவே பின்னாளில் கூறினார். 'வந்து பார்' படத்தைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள்.