பெயரில் மட்டும் ஊர்: ஹைதராபாத் அணிகளும் நட்சத்திர வீரர்களும்

கூடைப்பந்தில் ஓர் அணிக்காகக் களத்தில் நிற்பவர்கள் ஐந்தே பேர். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். முக்கியமான ஆட்டங்களில் முன்னணி வீரர் 35 நிமிடத்துக்கும் மேல் களத்தில் இருப்பார். அவர் முகத்தைத் தலைக்கவசம் மறைப்பதில்லை. முதல் வரிசை ரசிகருக்கும் அவருக்கும் இடையே வேலியும் கிடையாது. ஒருவரை முன்னிறுத்தி அணியை விற்கும் வழக்கம் இந்த விளையாட்டில் வேரூன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ஒருவர் அணியில் சேர்ந்தால் அது பட்டத்துக்கு அருகே போகிறது, அவர் விலகினால் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய 2009-10 சீசனில் கிளீவ்லாந்து அணி 61 ஆட்டங்களில் வென்றது. அவர் மயாமிக்குப் போன அடுத்த சீசனில் அதன் வெற்றிகள் 19.

இந்த வழக்கத்தை இந்தியாவின் லீக்குகள் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் அமெரிக்காவில் அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவைப் பார்க்க ஹைதராபாத் நல்ல இடம். 1998-இல் ஐ.டி. வளாகமான சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பிறகு மாதாப்பூரும் அதைச் சுற்றிய ஹைடெக் சிட்டியும் பல மாநில இளைஞர்கள் குடியேறிய பகுதியாயின. கையில் காசும் கைபேசியில் நேரலையும் உள்ளவர்கள் அவர்கள். பரம்பரையாக எந்த அணிக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. சில கிலோமீட்டர் தள்ளிக் கச்சிபௌலியில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. ஒரு தொழில்முறை லீக்குக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது அரிது.

முதலில் அமெரிக்க ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். வழக்கமான சீசனில் ஒவ்வொரு அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். அதில் பாதி, அதாவது 41, சொந்த அரங்கில். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வாரத்தில் ஓரிரு நாள் அணி ஊரில் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வீரர்களைச் சந்திப்பார்கள். அது வீரர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல, விதி. 2020 டிசம்பரில் ஊடகச் சந்திப்புகளைத் தவிர்த்த கைரி இர்விங்குக்கும் அவரது புரூக்ளின் அணிக்கும் தலா 25,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தோற்ற இரவிலும் வீரர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை மறுநாள் ஊரே படிக்கும். அணி ஏன் தோற்றது, அடுத்து யாரை மாற்றப்போகிறார்கள் என்பது ரசிகருக்குத் தெரிவது இப்படித்தான்.

இதன் கெடுதல்களும் சிறியவை அல்ல. ரசிகர் மிக நெருங்கினால் என்ன நடக்கும் என்பதை 2004 நவம்பர் 19-இல் டெட்ராய்ட் அரங்கில் உலகம் பார்த்தது. மேலே வந்து விழுந்த பானக் கோப்பைக்காக இந்தியானா அணியின் ரான் ஆர்டெஸ்ட் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்தார். மீதிச் சீசன் முழுவதும் அவர் தடை செய்யப்பட்டார். பட்டத்துக்கு வாய்ப்புள்ளதாகக் கருதப்பட்ட இந்தியானா அந்த ஆண்டு பட்டம் வெல்லவில்லை. 2019-இல் சால்ட் லேக் சிட்டியில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கிடம் தகாத வார்த்தை பேசியதாகச் சொல்லப்பட்ட ரசிகருக்கு அரங்கில் நிரந்தரத் தடை விழுந்தது. பதிலுக்குக் கத்திய வீரருக்கு 25,000 டாலர் அபராதம். ஊடகக் கடமையும் வீரரை அரிக்கக்கூடியது. டெமார் டெரோசனும் கெவின் லவ்வும் 2018-இல் தங்கள் மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அணிகளும் லீக்கும் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டன.

வெற்றிக்கும் விசுவாசத்துக்கும் இடையிலான கணக்கு இன்னும் கசப்பானது. டொரன்டோவிலேயே இருக்க விரும்பிய அதே டெரோசனை அந்த அணி 2018 ஜூலையில் கவாய் லெனர்டுக்காகக் கைமாற்றியது. மறு ஆண்டே பட்டம் வந்தது, வந்த சில வாரங்களில் லெனர்டும் போய்விட்டார். பட்டம் வென்றுவிட்டதால் நிர்வாகத்தை யாரும் கேட்கவில்லை. டல்லஸ் கதை வேறு. 2024-இல் இறுதிச் சுற்றுவரை அணியை இட்டுச்சென்ற லூகா டான்சிச்சை 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்தார்கள். ரசிகர்கள் அரங்க வாசலில் சவப்பெட்டி வைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர், மாதக்கணக்கில் அரங்குக்குள்ளேயே கோஷம் போட்டனர். அந்த மாற்றத்தைச் செய்த பொது மேலாளர் நவம்பரில் வேலையிழந்தார். தோல்விகள் தொடர்ந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் 41 இரவுகள் சொந்த அரங்கில் நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே கத்த வாய்ப்பில்லாத ஊரில் இது நடந்திருக்காது.

ஹைதராபாத்தின் கூடைப்பந்து வரலாற்றை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2015-இல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக்கில் ஊர்ப்பெயரைத் தாங்கிய அணி ஹைதராபாத் ஸ்கை. சில சீசன்களில் அந்த லீக் நின்றது. 2018-இல் வந்த மூவர் கூடைப்பந்து லீக்கில் ஹைதராபாத் பாலர்ஸ். 2025-இல் 25 வயதுக்குட்பட்டோருக்கான ஐ.என்.பி.எல். புரோவில் ஹைதராபாத் ஃபால்கன்ஸ். பத்தாண்டில் மூன்று பெயர், மூன்று சின்னம், மூன்று சட்டை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஊர்ப்பெயரைத் தவிரத் தொடர்பில்லை. ஐ.என்.பி.எல். புரோவின் ஆட்டங்கள் நடந்தது புதுடெல்லி தியாகராஜ் அரங்கில். மாதாப்பூர்க்காரர் தன் ஊர் அணியை நேரில் பார்க்க டெல்லிக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. அதே ஆளுக்கு என்.பி.ஏ. ஆட்டம் விடிகாலையில் கைபேசியில் வருகிறது. ஸ்டீபன் கர்ரியின் 30-ஆம் எண் சட்டை அந்தத் தெருக்களில் தென்படுவதும், ஃபால்கன்ஸ் வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் தென்படாததும் ரசிகரின் குற்றமல்ல.

ஓரிடத்தில் ஆட்டங்களைக் குவிப்பதற்குப் பொருளாதார நியாயம் உண்டு. ஒரே அரங்கு, ஒரே ஒளிபரப்புக் குழு, ஒரே ஹோட்டல் ஒப்பந்தம். புதிய லீக்கின் முதல் இரண்டு ஆண்டுச் செலவு கணிசமாகக் குறையும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு எந்த ஊர் அரங்கம் என்பதும் தெரியப்போவதில்லை. தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் இதை ஏற்கலாம். கெடுதல், அதுவே நிரந்தரமாவதில் இருக்கிறது.

ஹைதராபாத்துக்குப் பற்று வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கிரிக்கெட் வீரர் டேவிட் வார்னரே சாட்சி. சென்னையின் சன் குழுமத்துக்குச் சொந்தமான சன்ரைசர்ஸ் அணி 2016 மே 29-இல் அவர் தலைமையில் ஐ.பி.எல். பட்டம் வென்றது. அந்தச் சீசனில் அவர் எடுத்தது 848 ரன். பட்டத்துக்கு அடித்தளமிட்டதில் பந்துவீச்சாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதிக விக்கெட் எடுத்த புவனேஷ்வர் குமாரும் அந்த அணிக்காரர்தான். ஆனாலும் ஊர் தத்தெடுத்தது ஆஸ்திரேலியரான வார்னரை. 2020 ஊரடங்கில் அவர் குடும்பத்தோடு ‘புட்ட பொம்மா’ பாட்டுக்கு ஆடிய காணொளி தெலுங்கு வீடுகளுக்குள் புகுந்தது. பத்திரிகையாளர் யாரும் நடுவில் இல்லை, வீரரும் ரசிகரும் நேருக்கு நேர். ஊடகத்தைக் கடந்த உறவு எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு இந்திய விளையாட்டில் இதற்கு இணையான உதாரணம் குறைவு.

அந்த உறவு எவ்வளவு பலவீனமானது என்பது மறு ஆண்டு தெரிந்தது. முதல் 6 ஆட்டங்களில் 5 தோற்றதும் 2021 மே 1-இல் வார்னரின் தலைமை பறிக்கப்பட்டது, அடுத்த ஆட்டத்தில் அணியிலும் இடமில்லை. அமீரகத்தில் லீக் மீண்டும் தொடங்கியபோது ஓர் ஆட்டத்தன்று அவரை அரங்கிலேயே காணோம். இனியும் வரப்போவதில்லை என்பதை இன்ஸ்டாகிராமில் கேட்ட ரசிகருக்கு அவரே எழுதிய பதிலிலிருந்துதான் ஊர் தெரிந்துகொண்டது. பிறகு பார்வையாளர் வரிசையில் நின்று அணிக் கொடியை அசைத்தார். தலைமை பறிபோனதற்கான காரணம் தனக்கே விளக்கப்படவில்லை என்று பின்னர் பேட்டியில் சொன்னார். அணி கடைசி இடம் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் டி20 உலகக் கோப்பையின் தொடர்நாயகன். கேள்வி கேட்கும் உள்ளூர் ஊடகத்துக்கு வீரரையோ நிர்வாகத்தையோ அணுகும் உரிமை இல்லாத இடத்தில் ரசிகருக்குக் கிடைப்பது காணொளியும் மௌனமும்தான். வார்னர் மீதான பாசம் அதற்குப் பிறகும் போகவில்லை, 2025-இல் ‘ராபின்ஹுட்’ என்ற தெலுங்குப் படத்திலும் தலைகாட்டினார். அந்தப் பாசத்தில் அணிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கபடி இதே பாடத்தை இன்னும் பச்சையாகச் சொல்கிறது, அதில் சென்னைக்கும் பங்கிருக்கிறது. ராகுல் சௌத்ரி தெலுங்கு டைட்டன்ஸின் முகமாக 2014 முதல் ஆண்டுக்கணக்கில் இருந்தார், பட்டம் ஒன்றும் வரவில்லை. 2019-இல் சென்னையின் தமிழ் தலைவாஸ் அவரை வாங்கியது. அஜய் தாக்கூரும் மஞ்சீத் சில்லரும்கூட இருந்தனர். அத்தனை பெயர்களோடு அணி கடைசி இடத்தில் முடித்தது. 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு வந்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அவர் இல்லாத தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. 2023-இல் அவரையே 2.6 கோடிக்கு மேல் கொடுத்து டைட்டன்ஸ் வாங்கியது. 22 ஆட்டங்களில் 2 வெற்றி, கடைசி இடம். ஏழு பேர் கைகோத்துப் பிடிக்கும் ஆட்டத்தில் ஒருவருக்குக் கொட்டிய பணம் அரங்கை நிரப்பியது, புள்ளிப் பட்டியலை நிரப்பவில்லை. கூடைப்பந்தில் ஓரளவு செல்லுபடியாகும் சூத்திரத்தை எல்லா விளையாட்டுக்கும் பொருத்தினால் இப்படித்தான் ஆகும்.

நட்சத்திரத்தை ஊடகம் மட்டும் உருவாக்க முயன்றதும் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங்கை 2015-இல் டல்லஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது இந்தியச் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் கொண்டாடின. மறு ஆண்டு ஆவணப்படமே வந்தது. என்.பி.ஏ.வின் ஒரு லீக் ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. பிற்பாடு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். மறுபக்கம், இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னையின் அனிதா பால்துரையை 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகுதான் பலருக்குத் தெரியும். ரயில்வே வேலைதான் அவருக்குக் கைகொடுத்தது. வங்கி, ரயில்வே, காவல்துறை, முப்படை அணிகளின் சம்பளம் இல்லாவிட்டால் இந்தியக் கூடைப்பந்தே இல்லை என்பதை லீக் விளம்பரங்கள் சொல்வதில்லை.

அந்த அணிகளுக்கு ரசிகர்களே இல்லை என்று நினைத்தால் தேனி மாவட்டம் பெரியகுளத்துக்குக் கோடையில் போய்ப் பார்க்கலாம். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அறுபது ஆண்டுகளைக் கடந்தது. மின்னொளியில் ஆட்டம், கேலரியில் ஊர் சனம். ஆடுபவை பெரும்பாலும் வெளியூர் அணிகள். ஐ.ஓ.பி.யும் கடற்படையும் விமானப்படையும் மோதும்போது கைதட்ட ஊர்ப்பற்று காரணமாக இருக்க முடியாது. அதே ஊர், அதே மே மாதம், ஆண்டுதோறும் திரும்பி வரும் அதே முகங்கள். போன வருடம் கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டவரை இந்த வருடம் கேலரி நினைவு வைத்திருக்கும். இதற்கும் குறை உண்டு: சில நாளில் முடிந்துவிடும், ஒளிபரப்புப் பணம் இல்லை, ஆடுபவருக்குப் பெரும் வருமானமும் இல்லை. ஆனால் ஸ்கை, பாலர்ஸ், ஃபால்கன்ஸ் மூன்றும் சேர்ந்தும் ஹைதராபாத்தில் உண்டாக்காத ஒன்று, ஆட்டத்தை அறிந்த பார்வையாளர் கூட்டம், அங்கே இருக்கிறது.

நட்சத்திரத்தை முன்னிறுத்தும் வழக்கம் தவறல்ல, அது கூட்டத்தை வாசல்வரை அழைத்து வரும். வந்த கூட்டம் தங்குவதற்குச் சொந்த அரங்கு, மாறாத பெயர், தோற்ற அன்றும் பேச வேண்டிய வீரர், பதில் சொல்ல வேண்டிய நிர்வாகம் ஆகிய நான்கும் தேவை. ஹைதராபாத் பெயரில் அடுத்த கூடைப்பந்து அணியைத் தொடங்க நினைப்பவர்கள் வீரர் ஏலத்துக்கு முன்பாகக் கச்சிபௌலி அரங்கை முன்பதிவு செய்யட்டும்.